கொரோனா ஊரடங்கும் தமிழ்நாடும்: இன்றும் கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச்சில் தொடங்கி 2022 தொடக்கம் வரை தமிழ்நாட்டில் கொரோனா காலம் எப்படிப் போனது என்று கேட்பவர்கள் இரண்டு வகை. அப்போது நான்காவது, ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு வகை. அவர்களுக்கு ஆன்லைன் வகுப்பும் மாஸ்க்கும் மட்டும்தான் நினைவில் இருக்கிறது. அந்த நாட்களை வெளிநாட்டில் கழித்துவிட்டு, ஊர்ச் செய்தியை வாட்ஸ்அப்பில் மட்டும் பார்த்தவர்கள் இன்னொரு வகை. இரு தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். என் கருத்தையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன்.

தமிழ்நாட்டில் முதலில் எங்கே, எப்போது கண்டறியப்பட்டது?

இந்தியாவின் முதல் நோயாளி கேரளத்தின் திருச்சூரில், 2020 ஜனவரி 30 அன்று உறுதியானார். வூஹானிலிருந்து திரும்பிய மாணவி அவர். தமிழ்நாட்டில் முதல் தொற்று மார்ச் 7 அன்று அறிவிக்கப்பட்டது. ஓமனிலிருந்து வந்த, காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவருக்கு அது உறுதியானது. மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்றது. மார்ச் 25 அன்று மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் மாநிலத்தின் முதல் மரணம்.

முதல் தொற்றுக்கும் முதல் மரணத்துக்கும் நடுவே மூன்று வாரம்கூட இல்லை. பள்ளிகள் மூடப்பட்டது, மார்ச் 22 மக்கள் ஊரடங்கு, அன்று மாலை ஐந்து மணிக்குத் தட்டு தட்டியது எல்லாம் இந்த இடைவெளிக்குள் நடந்தவைதான்.

ஊரடங்கை நிஜமாகவே நான்கு மணி நேர அவகாசத்தில்தான் அறிவித்தார்களா?

ஆமாம். மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு அமலுக்கு வந்தது. தமிழ்நாட்டில் அன்று மாலை ஆறு மணிக்கே 144 தடை உத்தரவு வந்துவிட்டது. அதை மாநில அரசு முந்தைய நாளே அறிவித்திருந்ததால், 23ஆம் தேதி இரவு கோயம்பேடு பேருந்து நிலையத்தில் ஊருக்குப் போகிறவர்கள் பெருங்கூட்டமாக நின்றார்கள். மேன்ஷனில் தங்கி வேலை பார்த்தவர், கட்டட வேலைக்கு வந்தவர், ஹாஸ்டல் மாணவர் எனப் பல தரப்பினர். வேலையும் சாப்பாடும் இல்லாத ஊரில் வாடகை கொடுத்துக்கொண்டு இருக்க முடியாது என்று கிளம்பியவர்கள் அவர்கள்.

அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த பலர், 'ஜனங்களுக்குப் பொறுப்பே இல்லை' என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த இரவில் அவர்கள் செய்தது சரியான கணக்குதான். அடுத்த நாள் பஸ் கிடையாது என்று அரசே சொல்லிவிட்டது. இருந்த பஸ்ஸில் ஏறினார்கள்.

ஆனால் மக்கள் அடங்காததால்தானே நோய் பரவியது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். அன்றைய வாக்குவாதங்களில் பாதி இதைச் சுற்றித்தான் நடந்தன.

2020 ஏப்ரல் 24 அன்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு. காய்கறிக் கடை, மளிகைக் கடைகூடத் திறக்காது. நடுவில் இருந்தது 25ஆம் தேதி மட்டும். அந்த ஒரு நாளில் சென்னை முழுக்கத் தெருவுக்கு வந்தது. நான்கு நாளைக்கு வேண்டிய பால், காய், அரிசியை ஒரே காலையில் வாங்கச் சொன்னால் வேறு என்ன நடக்கும்? ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் நான்கு நாள் காய் வாங்கி வைக்கவும் முடியாது என்பது தனி.

அடுத்த பத்து நாட்களில் கோயம்பேடு சந்தையிலிருந்து வரிசையாகத் தொற்று வெளிப்பட்டது. மே 5 அன்று சந்தையை மூடினார்கள். அதற்குள் அங்கே மூட்டை தூக்கிய தொழிலாளர்கள் கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் என்று சொந்த ஊர்களுக்குப் போயிருந்தார்கள். அதுவரை குறைந்த எண்ணிக்கையில் நோயாளிகள் இருந்த மாவட்டங்களில் எண்ணிக்கை சட்டென்று ஏறியது. சந்தையை வேறு இடத்துக்கு மாற்ற வியாபாரிகள் ஒத்துழைக்கவில்லை என்று அரசு சொன்னது. மாற்று இடத்தில் ஏற்பாடு எதுவும் இல்லாமல் எப்படிப் போவது என்று வியாபாரிகள் கேட்டார்கள். மே 10 அன்று திருமழிசையில் தற்காலிகச் சந்தை தொடங்கியது. மழை பெய்ததும் அங்கே சேறுதான்.

என் பார்வையில் கூட்டத்தை உருவாக்கியது பெரும்பாலும் உத்தரவுகளின் வடிவம். கடையின் நேரத்தைக் குறைத்தால், நாள் முழுக்கப் பிரிந்து வந்த கூட்டம் மூன்று மணி நேரத்துக்குள் வந்து நிற்கும். ஓர் இடத்தை மூடினால் அடுத்த இடம் நிரம்பும். அவகாசமும் மாற்று ஏற்பாடும் கொடுத்த இடங்களில் மக்கள் நன்றாகவே ஒத்துழைத்தார்கள். ரேஷன் கடையில் அதைப் பார்க்க முடிந்தது. 2020 ஏப்ரலில் ஆயிரம் ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் கொடுத்தபோது, நாளும் நேரமும் குறித்த டோக்கனை முன்கூட்டியே கொடுத்தார்கள். எங்கள் தெருக் கடையில் சுண்ணாம்பு வட்டம் போட்டிருந்தது. வெயில் ஏறியதும் ஆளுக்குப் பதிலாகப் பையும் செருப்பும் வட்டத்தில் வரிசை நின்றன. ஆட்கள் எதிர்ச் சுவரின் நிழலில், தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யார் இடத்தையும் பிடிக்கவில்லை. போலீஸும் தேவைப்படவில்லை.

டாஸ்மாக் கடையைத் திறந்த விவகாரம் என்ன?

கோயம்பேட்டை மூடிய இரண்டாவது நாள், அதாவது 2020 மே 7 அன்று, சென்னை தவிர மற்ற இடங்களில் டாஸ்மாக் கடைகளைத் திறந்தார்கள். ஆறு வாரம் கழித்துத் திறந்ததால் வரிசை கிலோமீட்டர் கணக்கில் நீண்டது. ஒரே நாளில் சுமார் 170 கோடி ரூபாய்க்கு விற்பனை. எதிர்க்கட்சியான தி.மு.க. அன்று கறுப்புச் சின்னம் அணிந்து போராடியது. பல ஊர்களில் பெண்கள் கடை முன்னால் திரண்டார்கள். மறுநாள் சென்னை உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொன்னது. அரசு உச்ச நீதிமன்றம் போனது. மே 15 அன்று தடை வாங்கி, 16 அன்று டோக்கன் முறையில் திரும்பத் திறந்தது. சென்னையில் திறந்தது ஆகஸ்ட் 18 அன்று.

அரசின் வாதம் வருவாய். ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி அளவில் வரும் வருமானம் நின்றுபோனது, பக்கத்து மாநிலங்களில் கடை திறந்துவிட்டது, எல்லை தாண்டிப் போகிறார்கள் என்றார்கள். அந்த நெருக்கடி உண்மைதான். ஆனால் கோயில், மசூதி, தேவாலயம், சலூன், டீக்கடை எல்லாம் மூடியிருந்த நேரத்தில் இதை மட்டும் முதலில் திறந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. வேலையில்லாமல் வீட்டில் மிச்சமிருந்த பணம் அந்த வாரம் எங்கே போனது என்பது பல பெண்களுக்குத் தெரியும். நிவாரணமாக வந்த ஆயிரம் ரூபாயும் அதில் சேர்த்தி.

வீட்டு வாசலில் தகரம் அடித்தது உண்மையா?

உண்மை. சென்னையில் ஒருவருக்குத் தொற்று உறுதியானால் வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், பல தெருக்களில் தகரம் வைத்து வீட்டையோ தெருவையோ அடைத்தார்கள். ஸ்டிக்கரில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்றும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்றும் எழுதியிருக்கும். தகரத்துக்கு மேலே பால் பாக்கெட்டைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டவர்கள் உண்டு.

மாநகராட்சி ஊழியர்கள் அப்போது செய்த வேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வீடு வீடாக வந்து வெப்பமானியை நெற்றிக்கு நேரே நீட்டி, சளி இருமல் உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போன பெண்கள் பெரும்பாலும் தினக்கூலிக்கு வந்தவர்கள். காய்ச்சல் முகாம்களும் நிறைய நோயாளிகளை நேரத்தில் கண்டுபிடித்தன. தகரம் மட்டும் தப்பு. அக்கம்பக்கத்தில் அவமானம் என்று பயந்து, காய்ச்சல் வந்தவர்கள் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு சொல்லாமல் இருந்துவிட்டார்கள். நோயாளி தானாக முன்வந்து சொல்வதை நம்பி நடக்கும் ஒரு வேலையில், சொல்கிறவரைத் தண்டிப்பதுபோல ஒன்றைச் செய்யக் கூடாது.

இ-பாஸ் என்றால் என்ன?

மாவட்டம் விட்டு மாவட்டம் போக ஆன்லைனில் வாங்க வேண்டிய அனுமதிச் சீட்டு. நெருங்கிய உறவினரின் மரணம், திருமணம், மருத்துவம் போன்ற காரணங்களுக்கு மட்டும் கிடைக்கும் என்றார்கள். உண்மையான காரணத்தோடு விண்ணப்பித்தவர்களுக்கு நிராகரிப்பு வந்தது. பணம் கொடுத்தவர்களுக்குப் புரோக்கர் மூலம் கிடைத்தது. அப்பாவின் காரியத்துக்குப் போக முடியாமல் வீடியோ காலில் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். ஆகஸ்ட் 17 முதல் ஆதார் அல்லது ரேஷன் அட்டை விவரம் கொடுத்து விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் கொடுத்தார்கள். செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் போக அது தேவையே இல்லை என்றானது.

கபசுரக் குடிநீர் வேலை செய்ததா?

பதினைந்து மூலிகைச் சரக்குகள் சேர்ந்த சித்த மருந்து அது. சளிக் காய்ச்சலுக்குச் சித்த மருத்துவத்தில் ஏற்கெனவே இருந்ததுதான். டெங்கு, சிக்குன்குன்யா காலத்தில் நிலவேம்புக் குடிநீரை அரசே கொடுத்துப் பழகியிருந்ததால், 2020 ஏப்ரலில் மாநில அரசு 'ஆரோக்கியம்' திட்டத்தில் இதைக் கையில் எடுத்தபோது மக்கள் தயங்கவில்லை. தெருமுனையில் அண்டா வைத்துக் கட்சிக்காரர்கள் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்கள். சென்னை சாலிகிராமத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் சித்த சிகிச்சை மையமே நடந்தது. லேசான தொற்றுடன் வந்தவர்கள் அங்கே தங்கிக் குணமாகிப் போனார்கள்.

அது நோய் வராமல் தடுத்தது என்று சொல்ல வலுவான ஆதாரம் இல்லை. லேசான தொற்று வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் எந்த மருந்தும் இல்லாமலே தேறிவிடும் நோய் இது. அதனால், குடித்தேன் சரியாகிவிட்டது என்ற அனுபவத்தை வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது. அதற்காகச் சித்த மருத்துவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று ஏசியதும் நியாயமில்லை. யாரும் கிட்டே வரப் பயந்த நேரத்தில் நோயாளியைத் தொட்டுப் பார்த்து, வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்து, பேசிக்கொண்டிருந்தார்கள். தேறுவதற்கு அதுவும் உதவும். எனக்குக் கவலை தந்தது வேறு. குடிநீர் குடித்தாயிற்று என்ற தைரியத்தில் மூச்சுத்திணறல் வந்த பிறகும் வீட்டிலேயே இருந்தவர்கள் உண்டு.

கிருமிநாசினி சுரங்கம், காய்கறியைக் கழுவுவது, இதெல்லாம் பலன் தந்ததா?

இல்லை. திருப்பூர்ச் சந்தையில் 2020 ஏப்ரல் தொடக்கத்தில் ஆட்கள் நடந்துபோகும் கிருமிநாசினி சுரங்கம் வைத்தார்கள். நாடெங்கும் அதைப் பாராட்டி, பல ஊர்களில் அதேபோல வைத்தார்கள். சில நாளிலேயே, ஆட்கள் மேல் கிருமிநாசினி தெளிக்க வேண்டாம் என்று மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை சொல்லிவிட்டது. அது சரியான முடிவு.

பால் பாக்கெட்டைச் சோப்பு போட்டுக் கழுவி, செய்தித்தாளை இஸ்திரி போட்டுப் படித்தோம். நோய் முக்கியமாகக் காற்று வழியாக, அதுவும் மூடிய அறைக்குள் பரவுகிறது என்பது தெளிவாக வெகுநாள் ஆனது. ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்ற ஒரு வரியை முதல் நாளிலிருந்தே உரக்கச் சொல்லியிருந்தால், வாசலில் தெளித்த பிளீச்சிங் பவுடரைவிடப் பயன் தந்திருக்கும்.

மருத்துவரையே அடக்கம் செய்ய விடவில்லை என்பார்களே, அது எங்கே?

சென்னையில். நரம்பியல் அறுவைச் சிகிச்சை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் 2020 ஏப்ரல் 19 அன்று கொரோனாவால் இறந்தார். கீழ்ப்பாக்கம் கல்லறைக்கு உடலைக் கொண்டுபோனபோது எதிர்ப்பு வந்தது. அங்கிருந்து வேலங்காட்டுக்குப் போனார்கள். அங்கே ஒரு கும்பல் கல்லும் கட்டையும் கொண்டு தாக்கியது. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது, ஓட்டுநர்களுக்கு ரத்தக் காயம். மனைவியும் மகனும் அங்கிருந்து போக நேர்ந்தது. கடைசியில் சக மருத்துவர் பிரதீப் குமார், மருத்துவமனை ஊழியர்கள் இருவரோடு, போலீஸ் பாதுகாப்பில் நள்ளிரவில் திரும்பி வந்து, மண்வெட்டியாலும் வெறும் கையாலும் மண்ணைத் தள்ளி நண்பரை அடக்கம் செய்தார். அதற்கு ஒரு வாரத்துக்கு முன்புதான், நெல்லூர் மருத்துவர் ஒருவரின் உடலை அம்பத்தூரில் தகனம் செய்ய விடாமல் தடுத்திருந்தார்கள்.

இறந்தவர் உடலை முறைப்படி சுற்றி ஆழமாகப் புதைத்தால் அக்கம்பக்கத்துக்கு நோய் வராது. இதை அந்தப் பகுதி மக்களுக்கு யாரும் முன்னாடியே போய்ச் சொல்லவில்லை. அவர்கள் காதுக்கு முதலில் போனது வாட்ஸ்அப் வதந்திதான். கல்லெறிந்ததை நியாயப்படுத்தவே முடியாது. அதே சமயம், கைது செய்ததோடு வேலை முடிந்தது என்றும் நினைக்க முடியாது. ஏப்ரல் 26 அன்று அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அறிவிக்கப்பட்ட தொற்றால் இறந்தவரின் இறுதிச் சடங்கைத் தடுத்தால் மூன்று ஆண்டு வரை சிறை.

தப்லீக் மாநாடு பற்றிய பேச்சு ஏன் அவ்வளவு கசப்பானது?

2020 மார்ச்சில் டெல்லி நிஜாமுதீனில் நடந்த தப்லீக் ஜமாத் என்ற இஸ்லாமிய மதப் பிரசார அமைப்பின் கூட்டத்துக்குப் போய்த் திரும்பியவர்களிடம் ஏப்ரல் தொடக்கத்தில் தொற்று அதிகம் தெரிந்தது. தமிழ்நாட்டில் அந்நாட்களின் எண்ணிக்கையில் பெரும்பகுதி அதோடு தொடர்புடையது. தகவல் உண்மை. ஆனால் தினமும் மாலை தொலைக்காட்சியில் அந்த எண்ணைத் தனியாகப் படித்ததும், ஒரு மதமே நோயைப் பரப்புகிறது என்ற பேச்சு கிளம்பிவிட்டது. காய்கறி விற்கும் பாய்களிடம் வாங்காதீர்கள் என்று செய்தி சுற்றியது. அதன் பிறகு மாநில சுகாதாரத் துறை 'ஒரே மூலத் தொற்று' என்று பெயர் மாற்றிச் சொன்னது. ஊர் அதற்குள் பேசி முடித்திருந்தது. அந்த ஆகஸ்டில், வெளிநாட்டு ஜமாத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்த பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவே சொன்னது.

உறவினர்களே வாங்க வராத உடல்களை, எந்த மதமாக இருந்தாலும், பாதுகாப்பு உடை போட்டுக்கொண்டு எரிக்கவும் புதைக்கவும் செய்தவர்களில் முஸ்லிம் அமைப்புகளின் தொண்டர்கள் நிறையப் பேர். அதையும் சேர்த்தே அந்தக் காலத்தைச் சொல்ல வேண்டும்.

போலீஸ் நடவடிக்கை எப்படி இருந்தது?

முதல் வாரங்களில் தோப்புக்கரணம் போட வைத்த வீடியோக்கள் வந்தன, பலர் ரசித்துப் பகிர்ந்தார்கள். அப்போதே அது எனக்கு உறுத்தியது. ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் தாண்டிச் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையையும் மகனையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். 22 இரவு மகனும் 23 காலை தந்தையும் இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. பிறகு விசாரணை சி.பி.ஐ.யிடம் போனது, காவல் துறையினர் கைதானார்கள். காவல் துறைக்கு உதவி செய்த தன்னார்வலர்களான போலீஸ் நண்பர்கள் குழுவுக்கும் மாநிலம் முழுக்கத் தடை வந்தது.

ஒரு கடையின் ஷட்டர் எத்தனை மணிக்கு இறங்கியது என்பதில் தொடங்கிய விஷயம் இது. சுகாதார விதியை அமல்படுத்துவது முழுக்க லத்தியின் கையில் போனால் எதுவரை போகும் என்பதற்கு இதைவிடக் கொடுமையான சாட்சி வேண்டாம்.

இரண்டாம் அலை ஏன் அவ்வளவு மோசமானது?

டெல்டா வகை வேகமாகப் பரவியது. தேர்தலும் கூடவே வந்தது. 2021 ஏப்ரல் 6 வாக்குப்பதிவுக்கு முன் எல்லாக் கட்சிகளும் கூட்டம் கூட்டின. தேர்தல் ஆணையத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் மிகக் கடுமையாகக் கண்டித்தது ஏப்ரல் 26 அன்று. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மே 7 அன்று மு.க. ஸ்டாலின் முதலமைச்சராகப் பதவியேற்றார், 10 முதல் முழு ஊரடங்கு. மே 21 அன்று ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. அதுதான் மாநிலத்தின் உச்சம்.

அந்த நாட்களில் எங்கள் குடியிருப்பில் மூன்று பல்ஸ் ஆக்சிமீட்டர்தான் இருந்தது. எந்த வீட்டில் இருக்கிறது என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டு, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, பையில் போட்டுக் கதவில் மாட்டிவிட்டு வருவோம். ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே போனால் மருத்துவமனை தேட வேண்டும் என்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. படுக்கை எங்கே காலி என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸுகள் வரிசையாக நின்றன, உள்ளேயே ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தது. செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் மே 4 இரவு பதின்மூன்று பேர் இறந்தார்கள். ஆக்சிஜன் குறைந்ததுதான் காரணம் என்று குடும்பங்கள் சொன்னன, அதிகாரிகள் மறுத்தார்கள். பிறகு வார் ரூம் என்ற கட்டுப்பாட்டு அறை அமைத்துப் படுக்கைகளை ஒரே இடத்திலிருந்து ஒதுக்கத் தொடங்கியதும் அலைச்சல் கொஞ்சம் குறைந்தது.

ஆக்சிஜனுக்காக ஸ்டெர்லைட்டைத் திறந்தது சரியா?

தூத்துக்குடி மக்களுக்கு இது வலித்தது. 2018 மே மாதம், ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பதின்மூன்று பேர் இறந்த பிறகு மூடப்பட்ட தாமிர ஆலை. 2021 ஏப்ரலில் அனைத்துக் கட்சிக் கூட்டம் ஒப்புக்கொண்டு, ஆக்சிஜன் தயாரிக்க மட்டும் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. மே நடுவில் முதல் டேங்கர் கிளம்பியது. அந்த வாரத்து மரணங்களைப் பார்த்த யாராலும் வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியாது. ஆனால் அரசே ஆக்சிஜன் ஆலைகளை மாவட்ட மருத்துவமனைகளில் முதல் அலை முடிந்ததும் கட்டியிருந்தால், அந்த ஊர் மக்களிடம் இப்படி ஒரு கேள்வியைக் கொண்டுபோயிருக்கவே வேண்டாம்.

ரெம்டெசிவிர் மருந்துக்கு ஏன் அவ்வளவு கூட்டம்?

மருத்துவர் சீட்டில் எழுதினார், குடும்பம் ஓடியது. சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் அரசு விற்பனை தொடங்கியதும், மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து நடைபாதையில் படுத்து வரிசை காத்தார்கள். கூட்டம் தாங்காமல் மே 15 அன்று நேரு விளையாட்டரங்கத்துக்கு மாற்றினார்கள், அங்கேயும் அதே கதை. கள்ளச்சந்தை விலை தனி.

2020 நவம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம், இந்த மருந்து உயிரைக் காப்பாற்றுவதாக ஆதாரம் இல்லை, வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தது. அது வரிசையில் நின்றவர்களுக்கு எப்படித் தெரியும்? சில நாளில் பொதுமக்களுக்கு நேரடி விற்பனையை நிறுத்தி, தனியார் மருத்துவமனைகளுக்கே மருந்தை அனுப்பினார்கள். வரிசை மறைந்தது. முதல் நாளே இதைச் செய்திருக்கலாம்.

2020 ஊரடங்கிலிருந்து 2021இல் ஏதாவது மாறியதா?

கொஞ்சம் மாறியது. 2021 மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு என்று 22 அன்று அறிவித்தபோது, அன்றும் மறுநாளும் கடைகளை இரவு ஒன்பது வரை திறந்து வைத்தார்கள், ஊருக்குப் போகப் பஸ் விட்டார்கள். கூட்டம் வந்தது, கண்டனமும் வந்தது. ஆனால் அந்த முறை காய்கறியும் பழமும் வண்டியில் தெருவுக்கே வந்தன. மைக்கில் 'தக்காளி, வெங்காயம்' என்று கேட்டதும் மாடியிலிருந்து கூடை இறங்கும். நிவாரணம் நான்காயிரம் ரூபாய், இரண்டு தவணை. இரண்டாவது தவணையோடு பதினான்கு மளிகைப் பொருள். பல வீடுகளில் அது வாடகையாகப் போனது என்றாலும், ஆயிரம் ரூபாயோடு ஒப்பிட முடியாது.

தடுப்பூசிக்குத் தயங்கியவர்கள் ஏன் பிறகு அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்?

2021 ஜனவரி 16 அன்று தொடங்கியபோது மருத்துவப் பணியாளர்களிலேயே பலர் தயங்கினார்கள். நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போடுங்கள் என்று பேசினார். மறுநாள் மாரடைப்பு, 17 அன்று மரணம். இதய ரத்தக் குழாயில் முழு அடைப்பு இருந்ததாக மருத்துவர்கள் சொன்னார்கள். மத்திய அரசின் ஆய்வுக் குழுவும் ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்றது. ஆனால் அந்த முடிவு வெளியானது அக்டோபரில். ஆறு மாதம் வதந்தி தனியாக ஊரைச் சுற்றியது.

அந்த இடைவெளியில் மனத்தை மாற்றியது மே மாதம்தான். தெருவுக்கு ஒரு சாவு பார்த்த பிறகு, ஜூனில் விடிகாலை நான்கு மணிக்கு டோக்கனுக்கு நின்றார்கள், ஊசி கையிருப்பு இல்லை என்று திரும்பினார்கள். செப்டம்பர் 12 அன்று நடந்த முதல் மெகா முகாமில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் போட்டுக்கொண்டார்கள். பள்ளி, அங்கன்வாடி, பஸ் நிலையம் என்று வீட்டுக்குப் பக்கத்திலேயே ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். கூலி நாள் வீணாகவில்லை. அதனால் வந்தார்கள்.

இறப்பு எண்ணிக்கையை மறைத்தார்களா?

அதிகாரப்பூர்வ எண்ணிக்கையில் தமிழ்நாட்டில் 38 ஆயிரத்துக்கு மேல். உண்மை அதைவிட அதிகம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2020 ஜூனில், சென்னை மாநகராட்சிப் பதிவேட்டில் இருந்த மரணங்கள் மாநிலக் கணக்கில் இல்லை என்பது வெளியே வந்தது. குழு அமைத்துப் பார்த்து, ஜூலை 22 அன்று விடுபட்ட 444 மரணங்களைச் சேர்த்தார்கள். விடுபட்டதை ஒப்புக்கொண்டு சேர்த்தது நல்ல விஷயம். ஆனால் கொரோனாவை விட்டுவிட்டு, ஏற்கெனவே இருந்த இணைநோயை மரணத்துக்குக் காரணமாக எழுதிய சான்றிதழ்கள் தொடர்ந்தன.

இது வெறும் எண் சண்டை இல்லை. உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, ஐம்பதாயிரம் ரூபாய் இழப்பீடு முடிவானபோது, சான்றிதழில் கொரோனா என்று இல்லாத குடும்பங்கள் அலைந்தன. தொற்று உறுதியாகி முப்பது நாளுக்குள் இறந்திருந்தால் கணக்கில் சேரும் என்று விதி வந்த பிறகுதான் பலருக்குக் கிடைத்தது. பரிசோதனை அறிக்கையை பத்திரமாக வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

பள்ளிகள் எத்தனை நாள் மூடியிருந்தன?

ஒன்று முதல் எட்டு வரை படித்தவர்களுக்கு 2020 மார்ச்சிலிருந்து 2021 நவம்பர் 1 வரை, பத்தொன்பது மாதத்துக்கு மேல். தியேட்டர் திறந்து ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத்தான் சிறு பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தது. இந்த வரிசையை நாம் எப்படி ஏற்றுக்கொண்டோம் என்று இன்றும் எனக்கு ஆற்றாமை.

பத்தாம் வகுப்புத் தேர்வை நடத்தியே தீருவோம் என்று 2020 ஜூன் 15 முதல் எனத் தேதி குறித்து, ஜூன் 9 அன்று ரத்து செய்தார்கள். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைக்கு 20 சதவீதம். ஆன்லைன் வகுப்பு என்றால் வீட்டில் அப்பாவின் ஒரே செல்போன், அவர் வேலைக்குப் போனால் பாடம் கிடையாது. கல்வித் தொலைக்காட்சி ஓரளவு உதவியது. பல பையன்கள் பெட்டிக்கடைக்கும் பெயின்ட் வேலைக்கும் போனார்கள், அதில் ஒரு பகுதி திரும்பவில்லை. 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' எனக்குப் பிடித்த திட்டம். படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள் மாலையில் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளை உட்கார வைத்து, எழுத்துக் கூட்டுவதிலிருந்து ஆரம்பித்தார்கள். மூன்றாவது வந்த பிள்ளைக்கு 'அ' மறந்திருந்தது.

எப்போது முடிந்தது?

2022 ஜனவரியில் ஒமிக்ரான், மூன்று ஞாயிறு முழு ஊரடங்கு, பிறகு தளர்வு. 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலையை விலக்கிக்கொண்டது. தமிழ்நாட்டில் அன்று அதை யாரும் பெரிதாகக் கவனித்ததாக நினைவில்லை.

முடியாதவர்களும் இருக்கிறார்கள். தாய், தந்தை இருவரையும் இழந்த குழந்தைகளின் பெயரில் மாநில அரசு ஐந்து லட்சம் ரூபாய் வைப்புத்தொகை போட்டது, பதினெட்டு வயதில் வட்டியோடு கிடைக்கும். உறவினர் வீட்டில் வளர்பவர்களுக்கு மாதம் மூவாயிரம் ரூபாய். 2021இல் ஐந்து வயதாக இருந்த பிள்ளைக்கு அந்தத் தொகை 2034இல் கைக்கு வரும். அதுவரை அந்த மாதாந்திரத் தொகை நிற்காமல் போய்ச் சேருகிறதா, பள்ளிக்குப் போகிறார்களா என்று பார்க்க வேண்டிய பொறுப்பு இனி வரப்போகும் அரசுகளுக்கும் உண்டு.